பழைய காரில் செல்ஃப் மோட்டார் மாற்றுவது: அம்பாசிடருக்கும் மாருதி 800க்கும்

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. மதுரையில் எந்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டாலும் ‘செல்ஃப் போயிருச்சுண்ணே, கழட்டிருவோம்’ என்பார்கள். கழற்றி, வேறொன்றை மாட்டி, பில்லும் கட்டிய பிறகு அதே ‘டக்’ கேட்கிற வண்டிகள் நிறைய உண்டு.

செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றும்போது 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். வழியில் எங்கோ ஒரு மூட்டில் 0.02 ஓம் தடை இருந்தால் போதும், 150 ஆம்பியரில் அது மட்டுமே 3 வோல்ட்டைத் தின்றுவிடும். பச்சை பூத்த ஒரு டெர்மினல், பாதி இழை அறுந்த எர்த் பட்டை, மோட்டார் பதியும் முகத்தில் பெயின்ட், இதில் எது இருந்தாலும் புது மோட்டாரும் படுத்துக்கொள்ளும். அதனால் முதலில் மல்டிமீட்டர், பிறகுதான் ஸ்பேனர்.

இங்கே சொல்வது இரண்டு வண்டிகளை மனதில் வைத்து. ஒன்று பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் அம்பாசிடர். இன்னொன்று கார்புரேட்டர் வைத்த மாருதி 800. இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றுவிட்டது. ஆனால் மேலூர், உசிலம்பட்டி பக்கம் இன்றும் ஓடுகின்றன. டீசல் அம்பாசிடருக்கு மோட்டாரே வேறு, சக்தி அதிகம். பெட்ரோல் மோட்டாரை அதில் மாட்டப் பார்க்க வேண்டாம்.

கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். இக்னிஷன் காயிலுக்குப் போகும் சின்ன ஒயரைக் கழற்றிவிட்டால் இன்ஜின் சுற்றும், ஆனால் பற்றாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சாவியைத் திருப்ப ஓர் ஆளை உட்கார வைத்து, ஐந்து நொடி திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள்.

பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரியில் குறை இல்லை. 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் உள்ளே இறுகி அளவுக்கு மீறி இழுக்கிறது. அடுத்து மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கம்பத்திலும் மற்றதை மோட்டாரின் பெரிய ஸ்டட்டிலும் வைத்து மறுபடி திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கடைசியாக நெகட்டிவ் கம்பத்துக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே பாருங்கள். இங்கே 0.3க்கு மேல் போகக் கூடாது. முள்ளை கிளாம்ப் மேல் வைக்காமல் ஈயக் கம்பத்திலேயே வைக்க வேண்டும், ஏனென்றால் கிளாம்புக்கும் கம்பத்துக்கும் நடுவில்தான் பெரும்பாலும் கோளாறே ஒளிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மோட்டார் சுற்றாமல் இந்தக் கடைசி இரண்டு அளவும் பூஜ்யம் காட்டினால் ஒயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மின்சாரமே ஓடவில்லை என்று அர்த்தம்.

அம்பாசிடரில் எர்த் பட்டையைத் தனியாகப் பார்க்க வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. இன்ஜினையும் பாடியையும் சேர்ப்பது ஒரு பின்னல் பட்டைதான். அது அறுந்தால் மின்சாரம் சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கம்பி சுட்டாலோ புகைந்தாலோ மோட்டாரைத் தொடவே வேண்டாம், பட்டையை மாற்றுங்கள்.

சத்தமும் நிறையச் சொல்லும். ‘டகடகடக’ என்று அடித்தால் பேட்டரியோ டெர்மினலோ. ஒரே ஒரு ‘டக்’, ஆனால் ஹெட்லைட் மங்காமல் எரிகிறது என்றால் சொலனாய்டின் (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்) உள் காண்டாக்ட் கருகியிருக்கும் அல்லது கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் சுற்றும் பாகத்தில் உரசி மின்சாரம் தரும் கரித்துண்டு) தேய்ந்திருக்கும். மோட்டார் உடம்பில் மரக்கட்டையால் லேசாகத் தட்டியதும் எடுத்துக்கொண்டால் பிரஷ்தான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். அப்படித் தட்டித் தட்டி எத்தனை நாள் ஓட்டுவது என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் பெண்டிக்ஸ், அதாவது பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தை இன்ஜினோடு கோக்கும் பாகம். ‘கர்ர்ர்’ என்று அரைத்தால் பினியனின் பல், அல்லது அது கடிக்கும் ரிங் கியரின் (ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல் வளையம்) பல்.

சாவியைத் திருப்பும்போது சொலனாய்டின் சின்ன ஒயர் முனையில் 10 வோல்ட்டாவது வர வேண்டும். அதுவும் வராவிட்டால் இக்னிஷன் ஸ்விட்சிலோ ஒயரிலோ கோளாறு; மோட்டார் நிரபராதி.

பழைய அம்பாசிடரில் பல் மாட்டிக்கொண்டு நின்றால்

பழைய மாடலில் இருப்பது சுழற்சி வேகத்திலேயே பினியன் முன்னே ஓடிப் பிடிக்கும் வகை. சொலனாய்டு மோட்டார் மேல் இல்லாமல் பானட்டுக்குள் பாடியில் தனியாக இருக்கும். இந்த வகையில் பினியன் ரிங் கியரில் சிக்கி நின்றுவிடுவது உண்டு. செல்ஃப் செத்துப்போன மாதிரியே இருக்கும். சாவியை எடுத்துவிட்டு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘க்ளிக்’ என்று விடுபடும். அல்லது மோட்டாரின் பின்புறச் சின்ன மூடியை எடுத்தால் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) கம்பியின் சதுர முனை தெரியும். அதை ஸ்பேனரால் திருப்பினாலும் விடுபடும்.

இது அடிக்கடி நடந்தால் பெண்டிக்ஸில் எண்ணெயும் கிளட்ச் தூசியும் சேர்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்கும். அந்த இன்ஜினின் பின் முனையில் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகு வெட்டு மட்டும்தான். அதனால் கொஞ்சம் கசிவது அதன் சுபாவம். பெண்டிக்ஸை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் காயவிட்டு, மிக மெல்லிய மெஷின் ஆயில் ஒரு சொட்டு விட்டால் போதும். கிரீஸ் வைத்தால் நம்ம ஊர் புழுதி ஒரே மாதத்தில் அதை அரைச்சாந்தாக்கிவிடும்.

எதை வாங்குவது

புது மோட்டார், கட்டிய மோட்டார் (தேய்ந்ததை மாற்றிப் புதுப்பித்தது), பழைய வண்டியிலிருந்து எடுத்தது என்று மூன்றும் கிடைக்கும். அம்பாசிடர்களில் அதிகம் பார்க்கக்கூடிய பெயர் லூகாஸ் டிவிஎஸ். 1961இல் சென்னை பாடியில் இங்கிலாந்தின் லூகாஸும் மதுரையில் வேர்விட்ட டி.வி.எஸ்ஸும் சேர்ந்து தொடங்கியது. அந்த வகையில் மோட்டாரில் பாதி நம்ம ஊர்ச் சரக்கு.

கடைக்குப் போகும்போது பழைய மோட்டாரைக் கையோடு கொண்டு போங்கள். ‘அம்பாசிடர் செல்ஃப்’ என்று வாயால் சொல்லி வாங்கினால் ஒத்துவராது. கவுன்டரிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பினியன் பல் எண்ணிக்கை, பல்லின் பருமன், சுற்றும் திசை, போல்ட் துளைகளின் இடைவெளி, மூக்குப் பகுதி நீளம், ஓய்வில் பினியன் நிற்கும் இடம். ஒரு பல் குறைந்தாலும் ரிங் கியரை மென்று துப்பிவிடும்.

பழைய வகை இருந்த இடத்தில் சொலனாய்டு மேலேயே உள்ள புது வகையைப் பொருத்த நினைத்தால் ரிங் கியரையும் பாருங்கள். பினியன் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறதோ அந்தப் பக்கத்தில்தான் பல்லின் முனை சரிவாகச் சீவப்பட்டிருக்கும். இரண்டு வகையும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நுழைந்தால் சீவாத முனையில் போய் மோதும். ‘அதெல்லாம் செட் ஆயிரும்ணே’ என்று கடைக்காரர் சொன்னாலும் நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது.

நன்றாகக் கட்டிக் கொடுக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தெரிந்தவராக இருந்தால், பெயர் தெரியாத மலிவுப் புது மோட்டாரைவிடப் பழைய லூகாஸைக் கட்டுவதே மேல் என்பது எங்கள் கருத்து. கட்டுபவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். வெண்கலப் புஷ்ஷை அடிக்கும் முன் 24 மணி நேரம் இன்ஜின் ஆயிலில் ஊறவைக்கிறாரா? அது நுண்துளை உலோகம். ஊறாமல் அடித்தால் உலர்ந்தே தேயும், ஆர்மேச்சர் சாய்ந்து காந்தக் கட்டையில் உரசும். கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்பு உருளை) எமரி தாளால் தேய்க்கிறாரா? கூடாது, அதன் துகள் செம்பில் புதைந்து பிரஷ்ஷை அறுக்கும், கண்ணாடித் தூள் ஒட்டிய தேய்ப்புத் தாள் போதும். பழைய லூகாஸ் மோட்டாரில் செம்புப் பட்டைகளுக்கு நடுவிலுள்ள மைக்காவைக் குடைந்து எடுக்கிறாரா? டைனமோவுக்குச் செய்வதை இதற்கும் செய்பவர்கள் இருக்கிறார்கள். இதற்குத் தேவையில்லை. பிரஷ் 8 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் நான்கையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

காருக்குள் ஏற்றும் முன் வைஸில் இறுக்கிப் பேட்டரி கொடுத்துச் சுற்ற வையுங்கள். காலால் மிதித்துச் சோதிக்கும் பழக்கம் வேண்டாம். தொடங்கும்போது அது குதிக்கிற குதியில் கணுக்கால் போய்விடும். இரண்டு மூன்று நொடி போதும். பாரமில்லாமல் வெகுநேரம் ஓடினால் வேகம் ஏறி ஆர்மேச்சர் சுற்றே பிய்ந்துவிடலாம்.

கழற்றுதல்

கருவிகள் அதிகமில்லை. மாருதிக்கு 10, 12, 14 எண் ரிங் ஸ்பேனர், ராட்செட், நீட்டிப்புக் கம்பி. அம்பாசிடருக்கு அங்குலக் கணக்கு. மோட்டார் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 9/16. அது 14.3 மி.மீ. என்பதால் 14 உள்ளே போகாது, 15 லூசாக இருந்து மூலையை மழுக்கிவிடும். 9/16 ரிங் ஸ்பேனரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இவை போக ஒயர் பிரஷ், உப்புத்தாள், வாஸ்லின், இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட், ஒரு டார்ச்.

துரு பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாள் சாயங்காலமே துருநீக்கி அடித்துவிடுங்கள். வேலையைக் காலையில், இன்ஜின் சூடேறும் முன் தொடங்குங்கள். கத்திரி வெயிலில் மதியம் வண்டிக்கடியில் படுப்பது தண்டனை. நிழலும் சமதரையும் உள்ள இடமாகப் பாருங்கள்.

கையிலுள்ள மோதிரம், செம்புக் காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவே காப்பு மாட்டினால் நொடியில் பழுத்துச் சிவந்துவிடும். பிறகு பாடியோடு சேர்ந்திருக்கும் பேட்டரி முனையை முதலில் எடுங்கள். இப்போதைய வண்டிகளில் அது நெகட்டிவ். மிகப் பழைய இங்கிலாந்து வடிவமைப்பில் பாசிட்டிவ் பாடியில் இருப்பதும் உண்டு, அதனால் ஒயரைப் பின்தொடர்ந்து பார்த்துவிட்டுத் தொடுங்கள். பாடி முனையை எடுத்துவிட்டால் அதன்பின் ஸ்பேனர் எங்கே இடித்தாலும் பொறி பறக்காது.

வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை நம்பிக் கீழே போகாதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முட்டு ஆகாது, சொல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டில் இறக்கி, பின் சக்கரத்துக்கு இருபுறமும் மரக்கட்டை வைத்து, ஒருமுறை வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்த பிறகு படுங்கள்.

மோட்டாரைத் தேட வேண்டியதில்லை: இன்ஜின் கியர்பாக்ஸோடு சேரும் இடத்தில், பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிள் முடிகிற உருளைதான் அது. அம்பாசிடரில் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கத்தில், அதற்குக் கீழே. ஒயரைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் பின்னால் தலையைச் சொறிய வேண்டாம். ஸ்டட்டில் இரண்டு நட் இருந்தால் உள் நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு வெளி நட்டைத் திருப்புங்கள். இல்லாவிட்டால் ஸ்டட்டே சேர்ந்து திரும்பி உள்ளே காயில் முனை அறுந்துவிடும்.

இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, கீழுள்ளதை முதலில் எடுத்து, மோட்டாருக்குக் கீழே கையைக் கொடுத்துக்கொண்டு மேலுள்ளதைக் கடைசியாக எடுங்கள். பழைய அம்பாசிடர் மோட்டார் ஏழெட்டு கிலோ கனக்கும். மாருதியுடையது அதில் பாதிகூட இருக்காது. நடுவே ஷிம் தகடு (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) ஏதும் இருந்தால் எத்தனை, எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள்.

துளை வழியாக ரிங் கியரைப் பாருங்கள்

மோட்டார் வெளியே இருக்கும் இந்தச் சந்தர்ப்பம் திரும்பக் கிடைக்காது. ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றியபடி டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். அம்பாசிடரில் ஹேண்டில் போட்டே சுற்றலாம். மாருதியில் டாப் கியர் போட்டு வண்டியை மெதுவாகத் தள்ளினால் சுற்றும், ஆனால் அதைச் செய்ய வண்டி தரையில் இருக்க வேண்டும். கீழே ஆளும் இருக்கக் கூடாது.

தேய்மானம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்காது. இன்ஜின் அணையும்போது ஏதாவது ஒரு சிலிண்டரின் அழுத்தத்தில் தடுக்கித்தான் நிற்கும். நான்கு சிலிண்டர் என்றால் ஃப்ளைவீலில் எதிரெதிரே இரண்டு இடம். மாருதி 800இன் மூன்று சிலிண்டருக்கு மூன்று இடம். செல்ஃப் எப்போதும் அந்த இடங்களிலேயே வந்து கடிக்கும். முனை மட்டும் கொஞ்சம் மழுங்கியிருந்தால் ஓடும். பல் பாதி அகலத்துக்குப் போயிருந்தால் எந்தப் புது மோட்டாரும் அரைக்கும், புதுப் பினியனும் வீணாகும். கியர்பாக்ஸை இறக்கி ரிங் கியரைச் சூடாக்கி எடுத்து வேறு போடுவதுதான் வழி. அம்பாசிடரில் அதே ரிங்கைக் கால் சுற்றுத் திருப்பிப் போட்டும் சமாளிப்பார்கள்.

பொருத்துதல்

கட்டிய மோட்டாரை வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்துத்தான் கொடுப்பார்கள். போல்ட் முகத்திலும் அடித்திருப்பார்கள், அதில்தான் சிக்கலே. இந்த மோட்டாருக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது. அந்த முகம் கியர்பாக்ஸ் கூட்டில் பதிவதுதான் எர்த். அதனால் மோட்டாரின் முகத்தையும் கூட்டின் முகத்தையும் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, துணியால் துடையுங்கள். கேஸ்கெட், சிலிக்கான் எதுவும் அங்கே வேண்டாம்.

மோட்டாரை நேராக உள்ளே செலுத்தி, இரண்டு போல்ட்டையும் விரலால் நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். ஒரே போல்ட்டில் தொங்கவிட்டு இறுக்கினால் காது உடையும், மரையும் சாயும். முகம் இடைவெளியில்லாமல் உட்கார்ந்த பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். 10 மி.மீ. அல்லது 3/8 அங்குல போல்ட் என்றால் 40 நியூட்டன் மீட்டர் போதும். பெரிய ஸ்டட் நட்டுக்கு 8 முதல் 10 வரைதான். அது செம்பு, சுற்றியிருப்பது பேக்கலைட், வேகம் காட்டினால் விரியும்.

சொலனாய்டு மேலேயே உள்ள வகையில் பெரிய ஸ்டட் இரண்டு. பேட்டரி கேபிள் போக வேண்டியது மோட்டாருக்குள் பட்டை போகாத ஸ்டட்டுக்கு. மாற்றி மாட்டினால் பேட்டரி முனையைத் தொட்ட உடனேயே, சாவி இல்லாமலே மோட்டார் சுற்றத் தொடங்கும். கேபிள் லக்கில் (முனை வளையம்) வெள்ளை, பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். இறுக்கும் முன் தடவ வேண்டாம்.

அம்பாசிடரில் வகை மாற்றினால் ஒயரிங்கும் மாறும். பேட்டரி கேபிளை நேரே புது மோட்டாரின் ஸ்டட்டுக்குக் கொண்டுபோங்கள். பாடியிலுள்ள பழைய சொலனாய்டை ரிலேவாக மட்டும் வைத்து, அதன் வெளி முனையிலிருந்து 4 சதுர மி.மீ. ஒயர் ஒன்றைப் புதுச் சொலனாய்டின் சின்ன முனைக்கு இழுங்கள். சிலர் பழைய கேபிளை அப்படியே விட்டு, மோட்டாரில் பெரிய ஸ்டட்டையும் சின்ன முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவார்கள். ஓடும், ஆனால் சாவியை விட்ட பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே மின்சாரம் தந்து சொலனாய்டைச் சற்று நேரம் பிடித்து வைக்கும். பினியன் தாமதமாக விடுபட்டு அரைக்கும். காந்தம் வைத்த புது மோட்டாரில் இது அதிகம். அந்தக் காந்த வகையைப் பாசிட்டிவ் எர்த் வண்டியில் மாட்டவும் கூடாது, தலைகீழாகச் சுற்றும். காந்தத்துக்குப் பதில் காயில் சுற்றிய வகைக்கு அந்தக் கவலையில்லை, முனை மாறினாலும் ஒரே திசைதான்.

முதல் ஸ்டார்ட்

பாடி முனையைக் கடைசியாக மாட்டுங்கள். இக்னிஷன் காயில் ஒயர் இன்னும் கழன்றே இருக்கட்டும். ஐந்து நொடி திருப்பி, தொடக்கத்தில் எடுத்த அதே மூன்று அளவையும் மறுபடி எடுங்கள். சரியாக இருந்தால் காயில் ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரேயடியாகப் பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள். எடுக்காவிட்டால் ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி.

சுற்றும்போதே கீச்சென்று உயர்ந்த சத்தம் வந்தால் பினியன் தள்ளி நிற்கிறது. இன்ஜின் பற்றி, சாவியை விடும்போது ஊளை கேட்டால் மிக நெருங்கி நிற்கிறது. ஷிம் போடும் மாடலில் தகடு கூட்டிக் குறைத்து இதைத் திருத்தலாம். மற்றவற்றில் முகம் சரியாகப் பதியவில்லை, அல்லது தப்பான மோட்டார். காலையில் எடுத்து, மதிய வெயிலில் ஓடிவந்து நின்றபின் எடுக்காவிட்டால் சூடு காரணம்: செம்பின் தடை ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் 4 சதவீதம் ஏறும். நல்ல கேபிளும் நல்ல எர்த்தும் இருந்தால் அது தெரியாது, விளிம்பில் ஓடும் வண்டியில்தான் தெரியும். அப்போது மறுபடி அந்த மூன்று அளவையும், இந்த முறை சூடான இன்ஜினில் எடுத்துப் பாருங்கள்.

சாவியை எடுத்த பிறகும் மோட்டார் நிற்காமல் சுற்றினால் சொலனாய்டு காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது. யோசிக்காமல் பேட்டரி முனையைப் பிடுங்க வேண்டும். அதற்காக முனைக்குப் பொருந்தும் ஸ்பேனர் ஒன்று டேஷ்போர்டில் எப்போதும் கிடக்கட்டும். ஐப்பசி மழையில் முட்டளவு தண்ணீரில் ஓட்டியிருந்தால் வண்டி காய்ந்தபின் ஒருமுறை பெண்டிக்ஸைக் கழுவிவிடுங்கள். போல்ட் இரண்டையும் முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஒருதடவை இறுக்கிப் பாருங்கள். பெயின்ட் சுரண்டியது போதாமல் போயிருந்தால் அதற்குள் லூசாகியிருக்கும்.